ஞாயிற்றுக்கிழமையைக் காணோம்

எங்கள் ஜோகூர் மாநிலத்தில் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது எங்கள் ஊரான மாசாயிலேயே அதிகம் குதித்தவன் நானாகத்தான் இருப்பேன். என் மனைவிக்குச் சிங்கப்பூரில் வேலை. அவளுக்கு சனி, ஞாயிறு லீவு; எனக்கு வெள்ளி, சனி. வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான் நாங்கள் பகல் வெளிச்சத்தில் முகம் பார்த்துக்கொள்வோம். அதிலும் பாதி சந்தைக்கும் சலவைக்கும் போய்விடும்.

மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் சனி, ஞாயிறை வீடு கழுவுவதிலும் தூங்குவதிலும் கரைத்தோம். கழுவியது அவள். அதனால் அடுத்த வாரத்தை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. டெசாருவில் கடலோரமாக ஓர் அறை போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்து, சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன்பே இந்தப் பக்கம் வந்து, தொழிற்சாலை வாசலிலேயே என்னை அள்ளிக்கொண்டு போவதாகத் திட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம்தான் என் மேக்ரோ படுத்துக்கொண்டது.

நான் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில், தரப் பிரிவில் இருக்கிறேன். தினமும் எத்தனை மூடிகள் கழிந்தன என்ற கணக்கு, நாளுக்கு ஒரு கோப்பாகக் கணினிக்கு வரும். வாரக் கடைசியில் அவற்றைச் சேர்த்து, சதவீதம் போட்டு, வரைபடத்தோடு அறிக்கையாக்க வேண்டும். இந்த வேலை முழுவதையும் தானே செய்யும்படி புள்ளியியல் மென்பொருளில் ஒரு மேக்ரோ எழுதி வைத்திருந்தேன். பொத்தானைத் தட்டிவிட்டு தே தாரிக் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அறிக்கை தயார். வேலையை அது பார்த்தது. சம்பளத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று திரும்பி வந்தால் திரை முழுக்கச் சிவப்பு. வரிசை வரிசையாகப் பிழைச் செய்திகள். மேலாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மலாய்க்காரர், தங்கமான மனுஷன். “தாக் அப்பா லா” என்று பரவாயில்லை சொல்லிவிட்டு, இன்று முடியாவிட்டால் நாளைக்கு வந்து முடித்துவிடு என்றார், சிரித்துக்கொண்டே.

நாளைக்கு என்றால் சனிக்கிழமை. அவர் என் டெசாருவைச் சிரித்துக்கொண்டே ரத்து செய்கிறார் என்று அவருக்கே தெரியாது.

கடைசிப் பிழையைப் படித்தேன். வரைபடத்துக்கு எண் இல்லையாம். வரைபடப் பகுதியை நோண்டினேன். சிவப்பு இன்னும் நீண்டது. கணினிப் பிரிவுக்குப் போன் போட்டு, “என்னைக் கேக்காம அப்டேட் போட்டீங்களா?” என்று கத்தினேன். போடவில்லை என்றார்கள். போட்டிருப்பீர்கள் என்றேன். வைத்துவிட்டார்கள். கணினியை அணைத்து, நெற்றியில் விபூதி பூசாத குறையாக மறுபடி போட்டேன். அதே சிவப்பு.

பிழைச் செய்திகளை மேலிருந்து படிக்க வேண்டும், முதல் பிழையில் இடறித்தான் மற்றதெல்லாம் விழுகிறது என்று, புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். அது எனக்கு நினைவு வருவதற்குள் மணி நான்கைத் தொட்டுவிட்டது. மேலே போய்ப் பார்த்தேன். முதல் வரியில் தெளிவாக இருந்தது: ஞாயிற்றுக்கிழமைக்கான கோப்பு இல்லை.

யாரோ அழித்துவிட்டார்கள்! இயந்திரங்களிலிருந்து கணக்குச் சேர்க்கும் பெண்ணின் மேசைக்கு விறுவிறுவென்று போனேன்.

“தங்கச்சி, ஞாயித்துக்கெழம டேட்டா எங்கம்மா?”

“எந்த ஞாயித்துக்கெழம அண்ணே?”

“இந்த வாரத்துதான். எவனோ டிலீட் பண்ணிட்டான். பேக்கப் இருக்கா?”

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். “ஞாயித்துக்கெழம நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்டுலதான். நல்லாத் தூங்கினேன்.”

“மெஷினும் தூங்குச்சு லா.”

வாரம் என்றால் ஞாயிறு முதல் வியாழன் வரை என்று மேக்ரோவுக்குள் ஆணி அடித்தவன் நான்தான். போன வாரத்தின் நடுவில்தான் மாற்றம் வந்தது; அந்த ஞாயிறன்று எல்லோரும் வேலை செய்திருந்ததால் அப்போது அது முணுமுணுக்காமல் ஓடிவிட்டது.

“அலமாக்! அப்ப போன வாரம் ரிப்போர்ட்டுல வெள்ளிக்கெழம இருந்துச்சா அண்ணே?”

இல்லை. ஒரு முழு நாள் உழைப்பை என் மேக்ரோ லீவு என்று தள்ளியிருந்தது. அந்த அறிக்கையையும் திருத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து மனைவியின் செய்தி வந்தது: “பாலம் தாண்டிட்டேன்.”

ஞாயிறை எடுத்து வெள்ளியைப் போட்டேன். தங்கச்சி, அன்றைய கணக்கை வாங்க இயந்திரங்களுக்கு ஓடினாள். போன வாரத்துக்கு மட்டும் ஞாயிறு, வெள்ளி இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். சிவப்பு ஒன்றுகூட வரவில்லை. இரண்டு அறிக்கைகளையும் வாங்கிக்கொண்டு, இதை யார் எழுதியது என்று கேட்டார் மேலாளர். முன்பு இருந்த ஓர் ஆள் என்றேன். திரையில், மேக்ரோவின் தலைமாட்டிலேயே, என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டினார்.

காரில் மனைவி, “என்னங்க கோளாறு?” என்றாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. டெசாரு போய்ச் சேர்வதற்குள் அவள் அக்கா, மாமா, சித்தி என்று சொந்தத்தில் பாதிப் பேருக்கு என் கதை போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு காலை நான்தான் முதலில் எழுந்தேன். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், கடல் சத்தத்தையும் மீறி. எழுப்பிச் சொன்னேன். “நானா? சான்ஸே இல்ல” என்று சாதித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.