மௌரீன் எழுதிய பரீட்சை

காக்ஸ் டவுனில் வசிக்கும் மௌரீன் பன்னிரண்டு வருடமாக ஒரு தனியார் கல்லூரியில் லேப் உதவியாளர். மூன்று மாடிக்கும் கேபிள் இழுத்தது அவள்தான். நெட்வொர்க் நிர்வாகி வேலை காலியானபோது, சர்டிபிகேட் இல்லாதவர் விண்ணப்பிக்கக் கூடாது என்று அலுவலக மேலாளர் சேஷகிரி சொல்லிவிட்டார். வந்து சேர்ந்தவனிடம் சர்டிபிகேட் இருந்தது. எந்த வயர் எந்த சுவிட்சுக்குப் போகிறது என்று தினமும் அவளிடம்தான் கேட்டான். நாலே மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

அந்த இடத்தை விடக் கூடாதென்று, சர்டிபிகேட் வாங்க, மௌரீன் கம்மனஹள்ளியில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனாள். டெரிக் என்பவன் சுற்றிக் காட்டினான். கண்ணாடி அலமாரியில் ரௌட்டர்கள் வரிசையாக இருந்தன. பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் மின்சார வயரே இல்லை. ஆன் பண்ணச் சொன்னாள்.

"அது சும்மா ஷோவுக்கு, மேடம். லேப் எல்லாம் எதுக்கு? பரீட்சைக்கு வர்ற நானூறு கேள்வி எங்ககிட்ட இருக்கு. மனப்பாடம் பண்ணுங்க, சாகு, அது போதும்."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. கல்லூரிக்கு வந்த அந்த நிர்வாகி நாலு மாதம் ஏன் அவளையே கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அந்த நிமிடம் புரிந்தது.

"இதுக்குப் பேரு ட்ரெய்னிங் இல்லப்பா, திருட்டு," என்று வரவேற்பறையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தானே படிப்பது என்று முடிவானது. கல்லூரி ஸ்டோர் ரூமில் கழித்துப் போட்டிருந்த இரண்டு சுவிட்சுகளையும் ஒரு ரௌட்டரையும் முறையாக எழுதிக் கொடுத்து வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கணவன் தியோடர் ஏழு மாதம் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டான். வேண்டுமென்றே கோளாறு பண்ணி, கடிகாரத்தில் நேரம் வைத்துச் சரிசெய்தாள். புரியாததை இணையப் பாடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முதல் தடவை பரீட்சையில் தோற்றாள். அந்த நானூறு கேள்வி அன்று ஒருமுறை மனதில் வந்து போனது; அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். இரண்டாம் தடவை தேறினாள்.

அதுவரை காலியாகவே இருந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. உத்தரவைக் கையில் கொடுத்து, "இப்பதான் இந்த வேலைக்கு நீங்க தயார்," என்றார் சேஷகிரி.

"போன வருஷமும் இதே கைதான் சார் கேபிள் இழுத்தது. நீங்க பாக்கல."

அவர் மேஜையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார். மௌரீன் நன்றி சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் காலையிலிருந்து இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, டூல் பையை எடுத்துக்கொண்டு படியேறினாள்.