அக்கா ஆமிக்குப் போகப் பழகிய கோடை

எங்கள் வீட்டில் 'ஆமி', அதாவது இராணுவம், என்ற சொல்லை யாரும் முழுக் குரலில் சொன்னதில்லை. அம்மாவும் அப்பாவும் போருக்குத் தப்பி விட்டுவந்த ஊரின் கதை பேசும்போது அந்தச் சொல் வந்தால் குரல் தானாகவே இறங்கும். நான் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் அப்பா திரும்பி என்னை ஒருமுறை பார்த்துக்கொள்வார். ஜேர்மனியில் பிறந்து, ஹம் நகரத்தைத் தாண்டி அதிகம் போயிராத எனக்கு ஆமியைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். கதவைத் தட்டும், வீட்டுக்குள் வரும், அலுமாரியைக் கிளறும், யாரையாவது கூட்டிக்கொண்டு போகும். ஆகவே, எனக்கு ஒன்பது வயதான கோடையில் அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைப் பூட்டி, "நான் ஆமியில சேரப் போறன்" என்று காதுக்குள் சொன்னபோது நான் பூட்டைத் திறந்து வெளியே ஓடப் பார்த்தேன்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். வேறு நகரத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைத்திருக்கிறது, ஒக்டோபரில் தொடங்குகிறது என்று வீட்டில் சொல்லியிருந்தாள். தொழில் பழகப் போகிறாள் என்று அம்மாவுக்குப் பெருமை. உண்மையில் அவள் போகவிருந்தது ஜேர்மன் இராணுவத்தின் மூன்று மாத ஆரம்பப் பயிற்சிக்கு.

"பொய் சொல்லேல்லை. அதுக்கும் பேர் அவுஸ்பில்டுங் தானே" என்றாள்.

"அம்மாட்டைச் சொல்லாமல் ஏன் என்னட்டைச் சொல்லுறாய்?"

"நான் ஓடேக்க நேரம் பார்க்க ஒராள் வேணும். உன்னட்டைச் சைக்கிள் இருக்கு."

மறுநாளிலிருந்து காலையில், அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனதும், நாங்கள் கால்வாய்க் கரைக்குப் போனோம். அக்கா முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டை வைத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் சைக்கிளில் போய் ஒவ்வொரு பாலத்திலும் நேரத்தைக் கத்திச் சொன்னேன். முதல் வாரம் இரண்டாவது பாலத்துக்குக் கீழே சத்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் போச்சு?" என்று கேட்டாள். நிலக்கரி ஏற்றிய கப்பல் ஒன்று எங்களைத் தாண்டி மெல்லப் போனது. அதிலிருந்த மனிதர் கையசைத்தார். நான் அசைக்கவில்லை. அவரும் ஆமியோ என்று எனக்குச் சந்தேகம்.

ஓடுவது மட்டும் போதாது, மனதையும் பழக்க வேண்டும் என்றாள் அக்கா. பச்சைத் தண்ணீரில் குளித்தாள். கட்டில் விரிப்பை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து மடித்து, பிடிக்கவில்லையென்று கலைத்து மறுபடி மடித்தாள். புதுச் சப்பாத்தை இரண்டு சோடிக் காலுறை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து இளக்கினாள். சோற்றை ஐந்து நிமிடத்தில் விழுங்கினாள். "நாய் துரத்துதோ?" என்று அம்மா கேட்டார். மாலை ஆறு மணிக்குத் தன் தொலைபேசியை என்னிடம் தந்துவிடுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் காலைவரை கொடுக்கக்கூடாது. முதல் நாள் கெஞ்சினாள். நாலாம் நாள் கெஞ்சவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் என்னைக் கதிரையில் ஏற்றி நிற்க வைத்து, "என்னைப் பார்த்துக் கத்து" என்றாள். "அங்க மூஞ்சைக்கு நேரே நிண்டு கத்துவினம். நான் அசையக்கூடாது."

எனக்குத் தெரிந்த ஜேர்மன் வசைகளையெல்லாம் கத்தினேன். சோம்பேறி என்றேன், பன்றி என்றேன். சும்மா நாட்களில் அதில் பாதிக்கே என் தலையில் குட்டியிருப்பாள். இப்போது நாடியை உயர்த்திச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்கவில்லை. அந்த முகத்தில் அக்கா இல்லை. நான் அழத் தொடங்கிய பிறகுதான் அவள் திரும்பி வந்தாள்.

"விசரி, ஏன் அழுகிறாய்?"

"நீயும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போவியோ?"

"இது வேற ஆமியடி."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்த வாரம் இராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கே, எப்போது வர வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு படிவம். அக்கா அதை நிரப்பும்போது நான் தோளுக்கு மேலால் வாசித்தேன். அவசர நிலையில் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டம். அதில் அப்பாவின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தெளிவான எழுத்தில் எழுதினாள். செத்தால் யாரிடம் சொல்வது என்று இப்போதே கேட்டு வைக்கிறார்கள், இவளும் பதில் எழுதுகிறாளே!

கடிதம் இல்லாவிட்டால் அவளை உள்ளே விடமாட்டார்கள் என்று நான் முடிவு செய்தேன். மேசை லாச்சியிலிருந்து அதை எடுத்துச் சாமித் தட்டில் இருந்த அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினேன். அம்மனைவிடப் பாதுகாப்பான ஆளை எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அம்மா படங்களை இறக்கித் துடைப்பார் என்பதை மறந்துபோனேன்.

அந்த வெள்ளி அம்மாவுக்கு வேலை இல்லை. அக்கா கடைக்குப் போயிருந்தாள். "பிள்ளை, இஞ்ச வா" என்று அம்மா கூப்பிட்டார். கையில் கடிதம். தலைப்பில் இருந்த அரச முத்திரைக் கழுகை ஈர விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இதை வாசி பாப்பம்."

வீட்டுக்கு வரும் கடிதங்களை அக்காதான் தமிழில் சொல்லுவாள். அவள் இல்லாதபோது நான். நான் தாளைப் பிடித்துக்கொண்டு, "அவுஸ்பில்டுங் கடிதமம்மா. ஒக்டோபரில வரச் சொல்லியிருக்கு" என்றேன்.

"பிறகு?"

"துவாய் கொண்டு வரட்டாம். பூட்டு ஒண்டு கொண்டு வரட்டாம்."

"பிறகு?"

"பல் தீட்டுற பிரஷ்."

அம்மா குனிந்து ஒரு வரியில் விரலை வைத்தார். "சொல்டாட் எண்டு கிடக்கு. ஆமிக்காரன் எண்டு எனக்கு விளங்கும், பிள்ளை."

அக்கா பால் பெட்டிகளோடு உள்ளே வந்தபோது அம்மா குசினிக் கதிரையில் இருந்தார். கத்துவார் என்று நான் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். கத்தவில்லை.

"துவக்குத் தருவினமோ?"

அக்கா பாலைக் கீழே வைத்தாள். "ஓம்."

"சுடச் சொன்னால்?"

"வெள்ளம் வந்த இடத்தில சனத்தைத் தூக்கிக் காப்பாத்தினதும் இந்த ஆமிதானம்மா. நான் அதைப் பார்த்துத்தான்..."

"சுடச் சொன்னால் எண்டு கேட்டனான்."

அக்கா பால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கினாள். அம்மா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாட்கள் சமைத்தார், வேலைக்குப் போனார், வந்தார். ஒரு சொல் பேசவில்லை. அந்த மூன்று நாளும் வாசல் மணி அடித்தால் ஆமி வந்துவிட்டதென்று நான் கட்டிலுக்குக் கீழே போனேன். அப்பா மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்து உடுப்பு மாற்றாமல் இருந்து சொன்னார்: "எங்கட நாடில்லை, போகாதை எண்டு சொல்லவும் ஏலாது. எங்கட நாடுதான், போ எண்டு சொல்லவும் எனக்கு வாய் வருகுதில்லை."

அக்கா போனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியை முடித்தாள், கால் முழுக்கக் கொப்பளத்தோடு முழுதாகத் திரும்பி வந்தாள். இரண்டு வருடம் இருந்துவிட்டு விலகி, இப்போது பாலம் கட்டும் நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். யாரையும் சுடவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ரயில் நிலையத்திலேயே சீருடையை மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மா அந்தச் சீருடையைத் தோய்த்து, பல்கனியில் போடாமல் குளியலறைக்குள் காயப் போட்டார். அதெல்லாம் பிறகு நடந்தவை.

அம்மா பேச்சை நிறுத்திய நாலாம் நாள் மத்தியானம் அக்கா வரவேற்பறைக் கம்பளத்தில் விழுந்து படுக்கப் பழகினாள். நான் கை தட்டினால் சட்டென்று நிலத்தில் படுக்க வேண்டும். மறுபடி தட்டினால் எழும்ப வேண்டும். ஐந்தாறு தரம் விழுந்ததில் முழங்கை உரிந்து சிவந்திருந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், கத்தியோடு வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"அப்பிடியில்லை" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு முதல் சொல்.

கத்தியை மேசையில் வைத்தார். "கையைத் தட்டு" என்றார் என்னிடம்.

தட்டினேன். என் அம்மா, மாடிப்படி ஏறினாலே முழங்கால் நோகுது என்று சொல்கிற அம்மா, கண் மூடித் திறப்பதற்குள் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். முழங்கைகள் நிலத்தில், பெருவிரல்கள் காதுக்குள், வாய் திறந்திருந்தது. நெஞ்சு மட்டும் கம்பளத்தில் முட்டாமல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மெதுவாக அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்து, அதேபோலக் கைகளை வைத்துப் பார்த்தாள்.

"வாய் ஏனம்மா?"

"செவி வெடியாது."

"நெஞ்சு?"

"குண்டு விழுந்து நிலம் அதிரேக்க நெஞ்சு முட்டக்கூடாது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை. இவளின்ரை வயசில." அம்மா என்னைக் கண்ணால் காட்டினார்.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லித் தந்தார்கள். இது அதைவிட நல்ல பாடம் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் ஓடிப்போய் அவர்களுக்கு நடுவில் விழுந்து, விளையாட்டு முடியக்கூடாதென்று இரண்டு கைகளையும் சேர்த்துப் பலமாக ஒருதரம் தட்டினேன்.

அடுத்த கணம் அம்மா என் மேல் இருந்தார். என் தலையைத் தன் நாடிக்குக் கீழே அழுத்தி, மற்றக் கையால் அக்காவின் கழுத்தை இழுத்து எங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வெங்காயம் மணத்தது. அம்மாவின் நெஞ்சு என் முதுகில் படபடவென்று அடித்தது. அக்காவோடு கோபம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் எங்கள் இரண்டு பேரையும் இப்படிக் கட்டிப்பிடிக்கிறார் என்று நினைத்து, மூச்சு முட்ட முட்ட நான் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு கிடந்தேன்.