பன்னிரண்டேகாலுக்குப் போடச் சொன்னவன் நான்

தயாளன் இறந்த செய்தி வந்தபோது நான் தம்புள்ளைக் கிளையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கலேவெலக் கிளையிலிருந்து பேசிய பெண் ஊழியர், "நெஞ்சு வலின்னு காலையில கொண்டு போனாங்க சேர், கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருச்சு" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தேன். அழுதால் காரணம் கேட்பார்களே என்று பயமாக இருந்தது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, அலுவிகாரையில் வீடு கட்டிக் குடியிருந்தவர். மாத்தளையில் எங்கள் தனியார் வைத்திய நிலையத்தின் கணினிப் பிரிவில் ஏழு வருடம் எனக்குக் கீழ் இருந்தார். சேர்வரில் தானாக ஓடும் வேலைகள் எல்லாம் அவர் பொறுப்பு. எது எத்தனை மணிக்குத் தொடங்கும், எந்தப் பதிவில் எழுதும் என்று ஒரு கொப்பியில் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். "வேலை முடிஞ்சிருச்சான்னு மணியைப் பாத்துச் சொல்லாதீங்க, அந்த வேலையையே கேளுங்க" என்பார். நாங்கள் சிரிப்போம்.

ஒரே நோயாளரின் பெயரில் இரண்டாக விழுந்த பதிவுகளை ஒன்றாக்கும் வேலை ஞாயிறுதோறும் ஓடும். ஒரு திங்கட்கிழமை, அதை அன்றே முடிக்கும்படி பணிப்பாளர் என்னிடம் கேட்டார். ஆனால் நண்பகலில் இன்னொரு வேலை, கிளைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை அதே பதிவுகளில் எழுதும். அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"பன்னிரண்டேகாலுக்குப் போடும்" என்றேன்.

"திங்கக்கிழமை நோயாளிங்க கூட்டம் அதிகம் சேர். சில நாள் நாப்பது நிமிஷம் ஓடுது. ரெண்டும் ஒரே பதிவுல கை வச்சா எது மிஞ்சும்னு சொல்ல முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே."

"ஏலாது. நான் சொல்லுறன், போடும்."

போட்டார்.

இரண்டு வேலைகளும் மோதின. ஒன்று எழுதிக்கொண்டிருந்த முடிவுகளை மற்றது பழைய பதிவுகளோடு சேர்த்து அழித்துவிட்டது. கலேவெலக் கிளைக்கு வந்திருந்த ஒரு கர்ப்பிணியை, "ரிப்போர்ட் இன்னும் வரல்ல, நாளன்னைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு இரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்ததைச் சொல்லும் ரிப்போர்ட் அது. மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் மயங்கி விழுந்தார். யாரோ தூக்கிக்கொண்டு ஓடியதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

விசாரணையில், நேரத்தை மாற்றியவரின் பெயர் திரையில் தெரிந்தது. தயாளன். "யார் சொல்லி மாத்தினீங்க?" என்று பணிப்பாளர் கேட்டார். தயாளன் என்னைப் பார்த்தார். நான் முன்னால் கிடந்த கோப்பைப் பார்த்தேன். அவர் பணிப்பாளரிடம் திரும்பி, "நான்தான் மாத்துனேன்" என்றார். அடுத்த வாரம் அவரைக் கலேவெலவுக்கு, பெயர் பதியும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்தும் ஒரு மாதத்துக்குள் தானே எழுதிய ஒரு சிறு நிரலை எனக்கு அனுப்பினார். எந்த வேலையும் தொடங்குமுன், அந்தப் பதிவுகளை வேறொன்று பிடித்து வைத்திருக்கிறதா என்று அது பார்க்கும். பிடித்திருந்தால் தொடாமல் நிற்கும். நெடுநேரம் ஆனால் நமக்கு அறிவிக்கும். அதன்பின் ஒரு மோதலும் நடக்கவில்லை. வருடாந்தக் கூட்டத்தில் அதற்கான பாராட்டை எழுந்து நின்று வாங்கினேன். அவர் பெயரைச் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அலுவிகாரைக்குப் போய், அவர் மனைவி மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சேர். அன்னைக்கே வந்து சொன்னாரு."

"பிறகு ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

"நானும் அதத்தான் கேட்டுத் திட்டுனேன். 'கொஞ்சம் பொறு, சேரே சொல்லுவாரு'ன்னாரு. ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. அப்புறம் நானும் கேக்குறத விட்டுட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். தயாளனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நான் சொல்லுவேன் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கை. அந்த விசாரணைக்குப் பிறகு அவர் உயிரோடிருந்த மூன்று வருடமும் அவர் நினைத்த மனிதனாக நான் இருக்கவில்லை.