தறிமேல் போர்த்திய வேட்டி

எனக்குப் பெரியப்பா கிடைத்தது பள்ளிக்கூடத்தில்தான். அதுவரை அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. பசித்தால் அடுப்புப் பக்கம் போய் நிற்பேன், அவர் புரிந்துகொள்வார்.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தவாசலிலிருந்து ஆரணிக்கு வந்தாள். எங்களுக்கு உறவு எதுவும் இல்லாத அவருடைய தறிக்குப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது அவளுக்கு வேலை. நாங்கள் வந்த மூன்றாவது வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது, அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபோது என்னை யார் கூட்டிப்போவது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் மட்டும், பையன் தூங்குகிறான், எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். நான் எழுந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

ஆறு மாதம் கழித்து என்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனார். வாத்தியார் பதிவேட்டைத் திறந்து, பையனுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு, “பெரியப்பான்னு எழுதிக்கோங்க சார்” என்றார். திரும்பி வரும் வழியில் கடைத்தெரு முனையில் அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “இன்னாடா” என்று உடனே பதில் வந்தது. எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மனைவி இறந்து வெகுகாலம், பிள்ளை இல்லை. சமையல் என்று பார்த்தால் சோறு, ரசம், கடையில் வாங்கிய ஊறுகாய். நான் வந்த பிறகு பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டுச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். அது கடைசிவரை ரசம் மாதிரியேதான் இருந்தது. நான் அரிசியில் கல் பொறுக்குவேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தினமும் என் சிலேட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். வரி கோணலாக இருந்தால், தறியில் நீளமாகக் கட்டிய இழையைச் சொல்கிற மாதிரி, பாவு ஒரு பக்கமா இழுக்குது, அழிச்சுட்டு எழுது என்பார். இன்றைக்கும் கோடு போடாத தாளில் என் வரி நேராகப் போகிறதென்றால் அதற்கு அந்தக் கண்தான் காரணம்.

அவர் எனக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. தறியைத் தொடக் கூடாது.

எங்கள் தெருவில் அது விசித்திரமான சட்டம். அகலக் கரை போட்ட சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகும் ஓடக் கட்டையைத் தள்ள வேண்டும். அதற்குச் சின்னக் கை வாகாக இருக்கும் என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். பெரியப்பா அந்த மாதிரிச் சேலையை எடுப்பதே இல்லை. தனியாக நெய்யக்கூடிய சின்னக் கரைச் சேலைதான், கூலி குறைவு. பக்கத்து வீட்டு அத்தையின் மகனுக்கு என் வயதுதான் இருக்கும். அவன் தறியில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பொறாமையாக இருக்கும். அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு இடம் இருந்தது. அவன் எழுந்து போனால் தறி நின்றுவிடும். நான் எழுந்து போனால் எங்கள் வீட்டில் எதுவும் நிற்காது.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, சந்தவாசல் பஸ்ஸில் வந்த யாரோ ஒருவர் மூலம் செய்தி வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். பெரியப்பா அன்று சாயங்காலம் இரண்டு முறை இழையை அறுத்துக்கொண்டார். அவருக்கு அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. மறுநாள் நான் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“ண்ணா, அவன் வந்து புள்ளய எதுக்கு வெச்சுகினு இருக்கீங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

பெரியப்பா எழுந்து தறிப் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றே நான் நினைத்தேன். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. அத்தை மகனை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே அவர் சொல்ல முடியாத பதிலை நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கயிற்றுக் கட்டிலின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சோளக்கட்டையை ஓடம் மாதிரி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தள்ளி நான்கு நாள் பழகினேன். நன்றாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா வீட்டைக் கழுவிவிட்டார். என் சிலேட்டையும் புத்தகப் பையையும் உள்ளே நுழைகிறவர் தலையில் இடிக்கிற மாதிரி வாசலுக்கு நேரே ஆணியில் மாட்டினார். பிறகு தன்னுடைய நல்ல வேட்டியைப் பிரித்துத் தறிமேல் முழுசாகப் போர்த்தினார். என்னைக் காப்பாற்றப் போகிற ஒரே சாமானை இவர் மூடி வைக்கிறாரே.

மாமா துண்டில் வேர்க்கடலை முடிந்துகொண்டு வந்தார். கழனி வேலை செய்து கறுத்த ஒல்லி ஆள். உட்காரச் சொன்னால் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரியப்பாவை ஐயா என்றுதான் கூப்பிட்டார். என்னைப் பக்கத்தில் இழுத்து, முதல் வேலையாக என் கை இரண்டையும் திருப்பி விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, காலையில் சோப்புப் போட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பெரியப்பா என் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமாவின் கண் வேட்டி போர்த்திய தறிமேலேயே இருந்தது. கடைசியில் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“தறி வேலைலாம் தெரியுமாடா?”

நான் காத்திருந்ததே அதற்குத்தான்.

“நல்லாத் தெரியும் மாமா. டெய்லி நான்தான் செய்றேன்.”

பெரியப்பாவின் முகம் செத்துவிட்டது. மாமா எழுந்து நின்றார். கையில் துண்டு முறுகியது. நான் அதற்குள் ஓடிப்போய் வேட்டியை உருவிக் கீழே போட்டுவிட்டுத் தறிக்குக் கீழே வெட்டியிருந்த குழியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வேணாம்டா என்று பெரியப்பா கை நீட்டினார். மாமா அந்தக் கையைத் தடுத்தார்.

“வுடுங்கய்யா. செய்யட்டும். நான் பாக்கணும்.”

ஓடத்தைக் கையில் எடுத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. காலால் மிதித்தால்தான் பாவு இரண்டாகப் பிரிந்து ஓடத்துக்கு வழி விடும். மிதிகட்டை குழிக்குள் இருக்கிறது. என் கால் அதற்கு எட்டவில்லை. கட்டிலுக்குக் கீழே மிதிகட்டை கிடையாதே. எட்டி மிதிக்க முன்னால் நகர்ந்தேன், இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அடுத்த நொடி குழிக்குள் கிடந்தேன். விழும்போது பிடிக்கக் கிடைத்தது பாவுதான். ஒரு கை நிறைய இழை அறுந்து என்னோடு வந்தது. ஓடம் என் தலையில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “எம் புள்ள கண்ண மூடிகினு செய்வான். இதுக்கு எந்தப் பக்கம் உக்கார்றதுன்னே தெரியலயே” என்றாள்.

அவமானத்தில் எனக்கு அழுகை முட்டியது. மாமா குனிந்து என் அக்குளில் கைகொடுத்து வெளியே தூக்கினார். அவர் தோளில் இருந்தபடியே சொன்னேன்.

“கத்துக்கறேன் மாமா. ஜல்தியா கத்துக்கறேன். என்ன இஸ்துகினு போவாத.”

பிறகு என்னைப் பிடித்திருந்த உடம்பு குலுங்கத் தொடங்கியது. மாமா சிரிக்கிறார். பெரியப்பா அறுந்த இழைகளைக் கையில் வைத்துக்கொண்டு, பாவு கெட்ட நெசவுக்காரர் யாரும் சிரிக்காத சிரிப்பைச் சிரிக்கிறார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது.

மாமா அந்த ரசம் மாதிரியான சாம்பாரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். தனக்கு நாலு பிள்ளைகள் என்றும், ஒன்றுகூடப் பள்ளிக்கூடம் போவதில்லை என்றும் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமானதும் ஆணியில் இருந்த என் சிலேட்டை எடுத்து ஒருமுறை பார்த்து, பத்திரமாகத் திரும்ப மாட்டினார். படியிறங்கும்போது, “வரேன் மச்சான்” என்றார்.

பெரியப்பா வாசலில் நின்றார். மாமா தெருமுனை திரும்பின பிறகுதான், “வாங்க மச்சான்” என்றார். அப்புறம் தறியில் உட்கார்ந்து இரண்டு நாள் இழை இழையாக முடிச்சுப் போட்டார். நான் அடிக்குக் காத்திருந்தேன். அவர் வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

அக்கா பிள்ளையைத் தறியில் உட்கார வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று யாரோ மாமாவிடம் சொல்லியிருந்தார் என்பதும், அவர் என் விரலில் தேடியது நூல் அறுத்த தழும்பை என்பதும், பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிய உறவுக்கு அன்றுதான் இரண்டாவது சாட்சி கிடைத்தது என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இவன் எதற்கும் லாயக்கில்லை என்று மாமா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பிழைத்துக்கொண்டேன்.

அதனால் அடுத்த பொங்கலுக்கு மாமா வருகிறார் என்று கேட்டதும், நான் நேரே கொல்லைக்குப் போய்த் தண்ணீர்ப் பானையைப் போட்டு உடைத்தேன். அவர் வந்து பார்க்கட்டும் என்று ஓடுகளை வாசலில் அடுக்கியும் வைத்தேன். பெரியப்பா ஓடுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா கரும்போடு வந்து, மச்சான் என்று கூப்பிட்டு, ஓடுகளைத் தாண்டி உள்ளே போனார். சாயங்காலம் தனியாகவே திரும்பிப் போனார்.

உடைத்தது வீண்போகவில்லை என்று நிம்மதியாக இருந்தது.