அக்கா எண்ணும்போது

என் அக்கா எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக்கூடாது. எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் நாங்கள் இஷ்டத்துக்கு மீறுவோம். இதை மட்டும் யாரும் மீறியதில்லை.

அவள் திரைச்சீலைக் கடையில் அளவெடுப்பவள். வீடு வீடாகப் போய், சன்னலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, டேப்பை இழுத்து, உதடு அசைய எண்ணி, காதில் செருகிய பென்சிலால் குறித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் காபி வேண்டுமா என்று கேட்டால்கூட கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அளந்த திரை ஒன்றுகூடத் தரையைப் பெருக்கியதில்லை. டேப் இல்லாமலே ஓர் அறைக்குள் குறுக்காக நடந்துவிட்டு அதன் அகலத்தைச் சொல்வாள். சரிபார்த்தால் இரண்டு விரல் முன்னே பின்னே இருக்கும். அவளுடைய காலடி ஒன்று எழுபது சென்டிமீட்டர். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் பிறந்தநாள் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும்.

விடுமுறை நாளிலும் அந்தக் கால்கள் சும்மா இருக்காது. எங்கள் ஊரில் ஒரு நடைச் சங்கம் உண்டு. வீட்டில் வேலை இல்லாதவர்கள் கூடும் இடம் என்று நான் சொல்வேன். ஊரைச் சுற்றியுள்ள பாதைகளுக்கு அவர்கள் வழித்தாள் போட்டு விற்பார்கள். எங்கே தொடங்க வேண்டும், எத்தனை காலடி நடக்க வேண்டும், எந்த மரத்தடியில் திரும்ப வேண்டும் என்று ஒரே தாளில் எல்லாம் இருக்கும். பத்தொன்பது வருடமாக அந்தத் தாள்களுக்கு அளவு கொடுப்பவள் அக்கா. சங்கத்தில் அவளுக்கு 'ஸ்கேல் அக்கா' என்றே பெயர். அவள் நடந்து எண்ணுவாள், அச்சகத்தில் வேலை பார்க்கும் நான் தட்டச்சு செய்வேன். எனக்கு நடை என்றாலே அலர்ஜி. பஸ் இருக்கும்போது மனுஷன் ஏன் நடக்க வேண்டும்?

ஆனாலும் அவள் கொண்டுவரும் குறிப்புகளை அடிக்கும்போது எனக்கு ஏதோ ஆகும். அச்சகத்தின் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, மை வாடைக்கு நடுவே, ஓர் ஆறு ஓடத் தொடங்கும். காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி ஆற்றின் மேலேயே படுத்துக் கிடக்கும் என்று எழுதியிருப்பாள். தண்ணீர் தெரியாது, சத்தம் மட்டும் கூடவே வரும். பாலத்திலிருந்து மதகு வரை அறுநூற்று இருபது காலடி. அங்கிருந்து பாதை காட்டுக்குள் ஏறும். காட்டில் வெளிச்சம் பச்சையாக இருக்கும், பேசினால் குரல் பக்கத்திலேயே விழுந்துவிடும். அதற்கும் மேலே மரமே இல்லாத மேட்டுவெளி. கருத்த புதரும், சேறும், காற்றும், வானமும்தான். அங்கே மேகம் காலுக்குக் கீழே வந்து போகும். நான் போகாத அந்த இடத்தில் எத்தனையோ மதியங்கள் இருந்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி தோளைத் தட்டும்வரை எந்தத் தாளை அடிக்கிறேன் என்பதே மறந்துபோயிருக்கும்.

அத்தான் எல்லா நடையிலும் கூடவே போவார். அவர் பஸ் நடத்துநர். வாரம் முழுக்க வாய் ஓயாத மனுஷன். ஏறுகிறவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு, யார் வீட்டு மாடு கன்று போட்டது எல்லாம் அவருக்குத் தெரியும். நடையன்று மட்டும் பிளாஸ்க் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவுக்கு இரண்டடி பின்னால், வாயைத் திறக்காமல் வருவார். "உங்க அக்கா எனக்கு வாரத்துல ஒரு நாள் மௌனவிரதம் கொடுத்திருக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். போன வருடம் பஸ்ஸை விட்டுவிட்டு டிப்போ கவுன்டரில் உட்காரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முழங்கால் வலி என்றார். நாங்கள் அதைப் பதவி உயர்வு என்று நினைத்து இனிப்பு சாப்பிட்டோம்.

மேட்டுவெளித் தாள் பழையதாகிவிட்டது என்று அதே வருடம் அக்கா அதைத் திரும்ப அளந்து கொடுத்தாள். அந்தத் தாளில் ஓர் இடம் முக்கியமானது. வெள்ளைக் கல் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நேராக இத்தனை காலடி போய் இடப்பக்கம் திரும்பினால் சேற்றுக்கு நடுவே பலகைப் பாதை வரும். வெயில் நாளில் பலகை கண்ணுக்குத் தெரியும். மேகம் இறங்கிவிட்டால் எண்ணிக்கைதான் கண். பழைய தாளில் நானூற்றுப் பத்து என்று இருந்தது. புதிய குறிப்பில் நானூற்று எண்பத்தாறு. அடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கல்லை யாராவது நகர்த்தியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவின் அளவைச் சந்தேகப்படுவதா?

இந்த வருடம், மழைக்காலம் முடிந்த கையோடு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேகத்துக்குள் நடந்தார்கள். நானூற்று எண்பத்தாறு காலடி எண்ணி, இடப்பக்கம் திரும்பினார்கள். பலகை இல்லை. வாத்தியார் இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டார். மனைவி சால்வையை வீசி அவரை இழுத்துப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஷூ மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சங்கத்துச் செயலாளர் ஒரு பல் டாக்டர். வலிக்காமல் பேசத் தெரிந்தவர். அக்காவின் வீட்டுக்கே வந்து, காலடிக் கணக்கையெல்லாம் இனிமேல் எடுத்துவிடலாமே, எல்லோரிடமும் போன் இருக்கிறதே என்று மெதுவாக ஆரம்பித்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பத்தொன்பது வருட வேலை ஒரே பேச்சில் குப்பைக்குப் போகிறது என்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தன் காலை நம்பி ஒரு மனுஷன் சேற்றில் இறங்கிவிட்டார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுபடி அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை முடிவெடுக்காதீர்கள் என்றாள். அளவு தப்பாக இருந்தால் இனி ஒரு தாளும் எழுத மாட்டேன் என்றும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்குச் சளி. தனியாக அனுப்ப மனசு கேட்காமல் நான் போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆற்றைப் பார்த்தேன். மூடுபனி உண்மையிலேயே தண்ணீர் மேல் படுத்திருந்தது. காட்டில் என் குரல் பக்கத்திலேயே விழுந்தது. முன்பே வந்துபோன இடம் போல இருந்தது. அடுத்த திருப்பத்தில் இரட்டைத் தண்டு மரம் வரும் என்று நினைத்தேன், வந்தது. என்னையறியாமல் கண் கலங்கியது. மேட்டுவெளியில் ஏறியபோது கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்றாகிவிட்டன. வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் கல் அது. யானை கட்டி இழுத்தாலும் நகராது.

அக்கா தனியாக எண்ணிக்கொண்டு போனாள். வானம் தெளிவாக இருந்தது. அவள் சிறுத்துக்கொண்டே போவதையும், நிற்பதையும், திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது நானூற்றுப் பத்து. வரும்போது நானூற்றுப் பன்னிரண்டு. இன்னொரு தடவை போய்வந்தாள். நானூற்று ஒன்பது, நானூற்றுப் பத்து.

கல்லும் நகரவில்லை, காலும் குறையவில்லை. அப்படியானால் போன வருடம் எழுபத்தாறு காலடி எங்கிருந்து வந்தது? அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"போன தடவை அத்தானும் கூட வந்தாரில்ல? அவர் காலையும் சேர்த்து எண்ணிட்டியோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நடை நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டத் தொடங்கினாள். தேதி, இடம், எண்ணிக்கை, வானிலை என்று நாலு கட்டம் போட்ட நோட்டு அது. பாலத்திலிருந்து மதகு வரை: அறுநூற்று இருபது என்று வருடக்கணக்காக ஒரே எண். மூன்று வருடத்துக்கு முன்னால் அறுநூற்று முப்பத்தைந்து. அடுத்த வருடம் அறுநூற்று அறுபது. போன வருடம் எழுநூற்றைத் தாண்டியிருந்தது. காட்டிலும் அப்படித்தான், ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஆற்றங்கரையிலும் காட்டிலும் மதகும் மரமும் கண்ணுக்குத் தெரிவதால் யாரும் எண்ணிக்கையைச் சட்டை செய்யவில்லை. மேகத்துக்குள்தான் அது பிடிபட்டது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அக்காதான் சொன்னாள். இரண்டடி பின்னால் வரும் ஷூ சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அது நெருங்கினால் இவள் கால் எட்டிப் போடும், தள்ளிப் போனால் இவள் கால் தானாகக் குறுகும், எண்ணிக்கை ஏறும். அவளுக்கே தெரியாது, கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வருடமாக அந்தச் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அத்தானின் உடம்பைத்தான் அவள் இத்தனை நாளும் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறாள்.

திரும்பி இறங்கும்போது அவள் எண்ணவில்லை. ஏறக்குறைய ஓடினாள். நான் எங்கே வருகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

அத்தான் சமையலறையில் அலமாரிக் கதவின் கீலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்து எண்களின் மேல் விரலை ஓட்டினாள். டிக்கெட் பார்த்துப் பழகிய கண் அல்லவா, ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். ஸ்க்ரூடிரைவரை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடு ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது, வயசானால் வருவதுதானே என்று சொன்னார். முழங்கால் வலி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதையும் ஒப்புக்கொண்டார்.

"நின்னிருக்கலாமே" என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் கூடவேதானே இருந்தேன்."

அத்தான் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"சொல்லணும்னுதான் நினைப்பேன். நீ எண்ணிக்கிட்டிருப்பே."

அந்தச் சட்டத்தை நானும் சேர்ந்துதானே காப்பாற்றினேன். பிள்ளைகள் வாயைப் பொத்தியிருக்கிறேன், டெலிபோனை எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து, அவருடைய ஷூ நாடாவை அவிழ்க்கக் கையை நீட்டினாள். வீட்டுக்குள் அவர் ஷூவே போட்டிருக்கவில்லை, வெறும் செருப்புதான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. இன்னொரு மேட்டுக்கு இவர் தாங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். அடைப்பை நீக்கிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் அக்கா வெளியே நீள வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தாள். அதன் நீளத்தை நான்தான் எண்ணினேன், முப்பத்தெட்டு காலடி. அவளிடம் சொன்னேன், காதில் வாங்கவில்லை. கதவு திறந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னபோது, வராந்தாவின் நடுவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடு கூடாது, சமதரையில் தினமும் நடக்கலாம் என்று சொல்லி ஐந்தாம் நாள் அத்தானை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்கா சங்கக் கூட்டத்துக்குப் போய், தப்பு என்னுடையதுதான் என்று எழுந்து நின்று சொன்னாள். மூன்று வருடத்தில் திருத்திய ஏழு தாளையும் திரும்ப வாங்கச் சொன்னாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். கூட்டத்துக்கு வந்திருந்த கணக்கு வாத்தியார், மேட்டுவெளியைத் தானே அளந்து தருகிறேன், போன ஷூவையும் தேடின மாதிரி இருக்கும் என்றார். பல் டாக்டர் அதற்கு மேல் போன் பேச்சை எடுக்கவில்லை.

இனி எழுத மாட்டாள் என்றுதான் நினைத்தேன். போன வாரம் அச்சகத்துக்கு வந்து ஒரு குறிப்பைக் கொடுத்தாள். ஆற்றங்கரை மட்டும், சமதரை மட்டும். படித்துப் பார்த்தேன். 'விழுந்து கிடக்கும் மரம், இரண்டு பேர் உட்காரலாம், முதுகுக்குச் சாய்மானம் உண்டு' என்று எழுதியிருந்தது. 'வளைவில் தண்ணீர் ஆழம் குறைவு, மதியத்தில் வெயில் அடிமண்ணைத் தொடும்' என்று இருந்தது. வழக்கமான தாளில் வலது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் காலடிக்கு ஒரு கட்டம் உண்டு. எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன. பாலத்திலிருந்து அந்த மரத்துக்கு எத்தனை காலடி, அதையாவது சொல் என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். "பேசிக்கிட்டே போனோம்."