தானாகக் காற்றேறும் டயரை நம்பினேன்

ஓட ஓடத் தானாகவே டயரில் காற்றேற்றும் கருவியை, விலை அதிகமென்றாலும் பைக்கில் மாட்டினேன். அதன்பின் டயரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை, நானும் மனைவியும் பட்டாசு ஆலைக்குப் போகும் வழியில் பின்டயரில் முள் ஏறியிருக்கிறது. ஓட்டத்தில் கருவி காற்றை நிரப்பிக்கொண்டே வந்ததால் தெரியவில்லை. பகல் முழுக்க கேட்டுக்கு வெளியே நின்ற வண்டியில் காற்று இறங்கிவிட்டது.

மாலையில் ஆனைக்குட்டம் சாலையில் திரும்பியதும், கருவி காற்றை நிரப்புமுன்பே வண்டி அலைந்து சரிந்தது. பின்னால் வந்த பட்டாசு லோடு லாரி, மனைவியின் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து பின்டயரை அமுக்கிப் பார்த்தார்.

"டயர அமுக்கிப் பாக்காமயா வண்டிய எடுத்தீக?" என்றார்.

கருவி இன்னும் இருக்கிறது. இருவேளையும் டயரை அமுக்கிப் பார்க்கிறேன். நான் பார்த்த பிறகும், தானும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மனைவி ஏறுகிறாள்.