ஏற்றத்தில் நிற்காத கதவு

சாப்பிட உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. மேஜைக்கு அடியில் தரையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். அடுப்படியில் பாத்திரம் ஏதாவது தடாலென்று விழுந்தால் பலமாக ஒரு மிதி விழும். "இங்க எந்த லாரியும் வரல. சாப்பிடுங்க" என்பார் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கையில் ஸ்டியரிங் இருக்கும். பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த ஒற்றைப் பிரேக்கை நம்பித்தான் அவர் பிழைப்பும், தெருவில் போகிறவர்கள் உயிரும். "மெதுவா, மெதுவா. ரோடு எங்கயும் ஓடிப்போயிடாது" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, பெயரே 'மெதுவா அண்ணன்' என்று ஆகிவிட்டது. நிஜப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது தேடி வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று டிரைவிங் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் மூச்சு விட மறந்துபோவார்கள். எதிரே ஒரு மாடோ சைக்கிளோ வந்தால் பக்கத்தில் இருக்கும் இவருக்கும் சேர்ந்து மூச்சு நிற்கும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடுத்தவர்களுடைய பயத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு அதே நாலைந்து தெருக்களைச் சுற்ற வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கத் தெம்பிருக்காது. பஸ்ஸில் ஏறினால் கண்களை இறுக மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். டிரைவர் கியர் மாற்றும் லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமல் மூடிய கண்கள் அவை.

பள்ளியில் இருக்கும் கார்களில் ஆகப் பழசு இவருடையது. பழகுகிறவர்கள் ஒவ்வொருவரும் திறந்து, அறைந்து, திறந்து, அறைந்து, டிரைவர் பக்கக் கதவு ஒருவழியாகிவிட்டது. நல்ல கார்க் கதவைத் திறந்தால் பாதியில் ஒரு தடவை, முழுசாக ஒரு தடவை, சொன்ன பேச்சுக் கேட்டு நிற்கும். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் உள்ள ஒரு இரும்புப் பட்டை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பட்டையின் முனையில், ஆணி போகிற துளைக்குள், விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள். அது தேய்ந்துவிட்டால் கதவு 'டக்'கென்று ஒரு சத்தம் போடும், பிறகு தன் இஷ்டத்துக்கு ஆடும். இந்தக் கதவு அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் சொல்லாமல் இல்லை. ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும் என்று அவர் கேட்டார். இன்னொரு நாள் சொன்னபோது, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குவதும் ஒரு பாடம்தான் என்றார். அதற்குமேல் மல்லுக்கட்ட மெதுவா அண்ணனுக்குத் திராணி இல்லை. தானே மாற்றிவிடலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை வரும், கட்டிலை விட்டு எழவே மதியம் ஆகிவிடும். அதனால் ஒவ்வொருவர் இறங்கும்போதும், "கதவ விட்டுடாதீங்க, திரும்பி வந்து அடிக்கும்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்.

கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டப் பெண்களைத்தான் எடுக்கிறார்களாம். லைசென்ஸ் கிடைத்தால் அந்த இடம் தனக்கு என்று பேசி வைத்திருந்தார். மற்றவர்களைப் போலச் சத்தம் போடமாட்டார், கேள்வி கேட்டுத் துளைக்கமாட்டார். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு கியர் போடுவார். அவர் ஓட்டும்போது மட்டும் அண்ணனின் கால் பிரேக் மேல் லேசாகக் கிடக்கும். அது அவர் தருகிற பெரிய மரியாதை. அந்த அம்மாவுக்குத்தான் அது தெரியாது.

அன்றைக்கு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் பாடம். மறுநாள் டெஸ்ட். மேடான தெருவில், காரின் மூக்கு வானத்தைப் பார்க்க, வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் சரியாமல் அந்த அம்மா எடுத்துக் காட்டினார். மறுபடி நிறுத்தி, மறுபடி எடுத்தார். போதும், இறங்குங்கள் என்றார் அண்ணன். முந்தின இரவு சரியாகத் தூக்கமில்லை. கைபிரேக் போட்டாயிற்று, இனி வண்டி நகராது, கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று தலையைச் சாய்த்தார். எப்போதும் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தை அன்று சொல்லவில்லை.

அந்த அம்மா கதவைத் திறந்து, இடுப்பு வலிக்காக முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் உள்ள நடுத்தூணைப் பிடித்து எழுந்தார். மேட்டில் நின்ற கார். கதவு தன் கனத்தோடு திரும்பி வந்து, தூணைப் பிடித்திருந்த விரல்களின் மேல் சாத்திக்கொண்டது.

அவர் கத்தவில்லை. "அண்ணே" என்றார், அவ்வளவுதான். அண்ணன் கண் விழித்தபோது கதவு சரியாக மூடாமல் இருந்தது. எதனால் மூடவில்லை என்று புரிய ஒரு கணம் பிடித்தது. ஓடிப்போய்த் திறந்தார். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, நடுவிரலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மோதிர விரலில் நகம் போய்விடும் என்றார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த அந்த அம்மா, வெயிலில் நின்றுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"விடுங்கண்ணே. நான்தான் பாத்து இறங்கியிருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்று இரவு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கால் அசையவே இல்லை. மனைவி அதைக் கவனித்து, என்ன நடந்தது என்று கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் கேட்டபிறகு, "ஊருக்கெல்லாம் மெதுவா மெதுவான்னு சொல்லிட்டு, அந்தக் கதவு விஷயத்துல நீங்களும் மெதுவாவே இருந்துட்டீங்க" என்றார். குத்திக்காட்டுகிற குரலில்லை. அதனால் இன்னும் ஆழமாகப் போயிற்று.

அந்த ஞாயிறு அவர் கட்டிலில் கிடக்கவில்லை. பள்ளியிலிருந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பட்டையைக் கழற்றிவிட்டால் கதவு எல்லை தெரியாமல் முன்னால் போய் மட்கார்டில் இடிக்கும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மனைவி ஒரு முக்காலியைப் போட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பூண்டு உரித்தார். அண்ணன் கண்ணாடி இறக்கும் கைப்பிடியைக் கழற்றி, உள்பலகையைப் பெயர்த்து, ஈரம் புகாமல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார். போல்டுகள் துருப்பிடித்து அடம்பிடித்தன. எண்ணெய் விட்டார், காத்திருந்தார், தட்டினார். கதவின் வயிற்றுக்குள்ளிருந்து பட்டையை வெளியே எடுக்க அவருடைய தடித்த கை நுழையவில்லை. கதவை அவர் பிடித்துக்கொள்ள, பூண்டு வாசனையோடு மனைவியின் கை நுழைந்து எடுத்து வந்தது.

பழைய புஷ் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. துளைக்குள் கொஞ்சம் கறுப்புத் தூள், அவ்வளவே. அதை உள்ளங்கையில் தட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனூண்டு" என்றார். மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். எழுந்து போகவும் முடியாது. எழுந்தால் கதவு போய்விடும்.

புதுப் புஷ்ஷை வெந்நீரில் போட்டு இளக்கி, துளையில் பொருத்தி, நீளமான போல்டையும் நட்டையும் கொண்டு இழுத்து உட்காரவைத்தார். கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் வந்த வழியே திருப்பி மாட்டினார். வேலை முடிந்து மனைவி முதுகை எடுத்தபோது கதவு நின்ற இடத்தில் நின்றது. மனைவி அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திங்கட்கிழமை முதலாளி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கிறது, இதற்குப்போய் இத்தனை நாளாய் ஒப்பாரி வைத்தாயே என்றார்.

அந்த அம்மா வரவில்லை. போன் பண்ணிக் கேளுங்கள் என்றார் மனைவி. என்னவென்று கேட்பது? அண்ணன் போனை எடுப்பார், வைப்பார். பள்ளி வாசலில் சேலைத் தலைப்பு ஏதாவது தெரிந்தால் திரும்பிப் பார்ப்பார். வேறு யாராவதாக இருக்கும். மற்றவர்கள் வந்தார்கள், மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினார்கள், கதவை அறைந்துவிட்டுப் போனார்கள். கதவு நின்றது.

கட்டுப் பிரித்து, நடுவிரல் கொஞ்சம் கோணி, மோதிர விரலில் நகம் பாதி முளைத்திருந்த ஒரு காலையில் அந்த அம்மா வந்தார். வேன் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். சும்மா செய்தி சொல்வது போலச் சொன்னார். "இன்னொரு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேண்ணே. லைசென்ஸ் எடுத்துட்டு வாங்கன்னாங்க." அண்ணன் தலையாட்டினார். "உக்காருங்க" என்றார்.

அதே மேட்டுத் தெரு. கோணல் விரலோடு ஸ்டியரிங் பிடிக்கக் கொஞ்சம் திணறினாலும் வண்டி பின்னால் சரியவில்லை. நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்தார். இறங்க வேண்டும். அந்த அம்மா கதவின் கைப்பிடியைப் பார்த்தார். கையை மடியிலேயே வைத்திருந்தார்.

அண்ணன் தன் பக்கம் இறங்கி, காரைச் சுற்றி வந்தார். வெளியிலிருந்து கதவை முழுக்கத் திறந்தார். பிறகு தன் வலது கையை எடுத்து நடுத்தூணில், கதவு வந்து சாத்துகிற இடத்தில், ஐந்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு, அந்த அம்மா இறங்கும்வரை அப்படியே நின்றார்.